நூறாவது மைல்

"சைக்கிளில் நூறு மைல் போனோம்" என்று நாம் சொன்னால், நம்மை அறிந்தவர்கள் முதலில் நம் முகத்தைப் பார்க்கிறார்கள். பிறகு சற்றுக் கீழே இறங்கி நம் வயிற்றைப் பார்க்கிறார்கள். கடைசியாக, "சைக்கிளை எந்த லாரியில் ஏற்றினீர்கள்?" என்று கேட்கிறார்கள். அவர்கள்மீது நமக்கு வருத்தம் இல்லை. சென்ற ஆண்டு யாராவது நம்மிடம் வந்து இப்படிச் சொல்லியிருந்தால் நாமும் அதையேதான் கேட்டிருப்போம்.

நமக்கு வயது நாற்பத்தாறு. உத்தியோகம், உயர்நிலைப் பள்ளியில் கணக்கு உபாத்தியாயர். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் இரண்டு மைல். அந்த இரண்டு மைலையும் மோட்டார் சைக்கிளில் கடந்து, மாடிப்படி ஏறியதும் மேஜைமீது கையூன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவர் நாம். அப்படிப்பட்டவர் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் சைக்கிளில் புறப்பட்ட விந்தையை நேயர்களுக்குச் சொல்ல வேண்டும். சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது: கால்கள் நம்முடையவை, பிரயாணம் நம் மனைவியினுடையது.

ஆஸ்பத்திரித் தாழ்வாரம்

2019-ஆம் ஆண்டில் நம் மனைவிக்கு மார்பில் ஒரு கட்டி கண்டது. புற்றுநோய் என்று வைத்தியர்கள் சொன்னார்கள். அறுவைச் சிகிச்சை, மருந்து, கதிர்வீச்சு என்று ஓராண்டு ஆஸ்பத்திரியே வீடாக இருந்தது. நல்ல காலத்தில் கண்டுபிடித்ததால் பிழைத்தாள். அந்த நாட்களைப் பற்றி அவள் அதிகம் பேசுவதில்லை. பேசினால், தன் நோவைப் பற்றிப் பேசமாட்டாள். தாழ்வாரத்தைப் பற்றித்தான் பேசுவாள்.

ஏழைகளுக்குச் சிகிச்சை இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் கூட வந்த தாயும் தகப்பனும் எங்கே படுப்பது? எதைச் சாப்பிடுவது? திருவண்ணாமலையிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் குழந்தையை அழைத்து வந்தவர்கள், மாதக்கணக்கில் கூலியை விட்டுவிட்டுத் தாழ்வாரத்தில் பாய் விரித்துக் கிடந்ததை அவள் பார்த்தாள். கைக்காசு தீர்ந்ததும் பாதிச் சிகிச்சையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் புறப்பட்ட ஒரு தாயையும் பார்த்தாள். "அந்தக் குழந்தைக்கு மருந்து இருந்தது, அந்த அம்மாளுக்குச் சோறுதான் இல்லை" என்று ஒரு நாள் சொன்னாள். அவ்வளவுதான். அந்த வார்த்தை நம் வீட்டில் தங்கிவிட்டது.

இப்படிப்பட்ட குடும்பங்களுக்கு இடமும் உணவும் கொடுக்கும் தர்ம ஸ்தாபனம் ஒன்று, பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமையில் சைக்கிள் பிரயாணம் ஒன்றை ஏற்பாடு செய்தது. மெரினாவில் புறப்பட்டுக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி போய்ச் சேர வேண்டும். "ஏறக்குறைய 100 மைல்" என்று அறிவிப்பில் கண்டிருந்தது. ஒவ்வொருவரும் தெரிந்தவர்களிடம் மைலுக்கு இவ்வளவு என்று வாக்குப் பெற்று, ஓட்டிய மைலுக்குரிய பணத்தை வாங்கிக் கட்ட வேண்டும்.

அறிவிப்பைப் படித்ததும் நம் மனைவி தானே போவதாகச் சொன்னாள். வைத்தியர் தடுத்தார். கக்கத்தில் நெறிக்கட்டிகளை எடுத்த கை அது. நெடுநேரம் பாரம் ஊன்றினால் வீங்கிவிடும். "தினம் அரை மணி ஓட்டலாம் அம்மா, அதற்குமேல் வேண்டாம்" என்றார். வீட்டுக்கு வந்ததும் அவள் நம்மை ஒரு பார்வை பார்த்தாள். உபாத்தியாயர் மாணவனைப் பார்ப்பது போன்ற பார்வை.

"அப்படியானால் நீங்கள் போங்கள்" என்றாள்.

புதுக்கோட்டைப் பாடம்

சைக்கிள் விஷயத்தில் நம் வீட்டில் கற்றவர் யார், கல்லாதவர் யார் என்பதில் சந்தேகமே கிடையாது. அவள் புதுக்கோட்டைக்காரி. 1991-ஆம் ஆண்டில் அந்த ஜில்லாவில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தோடுகூடச் சைக்கிளும் பெண்களுக்குக் கற்பிக்கப்பட்டது. லட்சத்துக்கு மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். பெண்கள் வண்டி போதாமல் ஆண்கள் வண்டியிலேயே ஏறினார்கள். நடுக்கம்பியில் குழந்தையை உட்கார்த்திக்கொள்ளலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. நம் மாமியார் கற்றுக்கொண்ட வண்டியின் பின்னால் ஓடிக்கொண்டிருந்த பத்து வயதுச் சிறுமிதான் பின்னாளில் நம் மனைவியானாள்.

இன்னொரு பெருமையும் அவளுக்கு உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பிறந்ததும் அதே புதுக்கோட்டைதான். 1886-இல் பிறந்து, 1912-இல் வைத்தியப் பட்டம் பெற்ற அந்த அம்மையார், தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்தத் துயரத்தை மறக்காமல் பல ஆண்டுகள் பாடுபட்டு, 1954-இல் அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளோடு புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். "எங்கள் ஊர்க்காரர்கள் ஒன்றை நினைத்தால் விடமாட்டோம்" என்பாள் நம் மனைவி. நமக்கு அதில் அனுபவம் உண்டு.

பயிற்சி பதினாறு வாரம் நடந்தது. முதல் ஞாயிறு 12 மைல். வீடு திரும்பியதும் நாற்காலியில் உட்கார மனம் வராமல் நின்றுகொண்டே காப்பி குடித்தோம். அவள் காரணம் கண்டுபிடித்தாள்: ஆசனம் தாழ்ந்திருந்தது. பெடல் அடிமட்டத்தில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அந்த அளவுக்கு உயர்த்தினாள். முழங்கால் வலி பாதி போயிற்று. மெதுவான பெடலை முக்கி மிதிக்காதீர்கள், கியரைத் தளர்த்திச் சுலபமாகச் சுற்றுங்கள் என்றாள், மீதியும் போயிற்று. பிறகு 20, 30, 45, 60 என்று மைல்கள் ஏறின. கடைசி நீண்ட ஓட்டம் 70 மைல். அதற்கப்புறம் இரண்டு வாரம் குறைத்து ஓட்டி உடம்பைத் தேற்றிக்கொள்ள வேண்டும் என்பது அவள் சட்டம். இந்தச் சட்டம் ஒன்றுதான் நமக்கு முழு மனத்தோடு பிடித்தது.

பள்ளிக்கூடத்திலும் சங்கதி பரவிற்று. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு தகர டப்பாவையும் நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். மைலுக்கு ஒரு ரூபாய் என்றவர் பலர். ஐந்து, பத்து என்றவர் சிலர். கூட்டிப் பார்த்தால் மைல் ஒன்றுக்கு 400 ரூபாய் சேர்ந்தது. நூறு மைலுக்கு 40,000 ரூபாய். கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது முன்வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள்.

"சார், எண்பது மைலில் நின்றுவிட்டால் 32,000 தானே?"

"ஆமாம்" என்றோம். கணக்குச் சரி. ஆனால் அதற்குமுன் நாம் அதைப் போட்டுப் பார்த்திருக்கவில்லை.

கடற்கரைச் சாலை

விடியற்காலை நாலரை மணிக்கு மெரினாவில் புறப்பட்டோம். இருநூறு பேருக்குக் குறையாது. கல்லூரிப் பையன்கள் அம்புபோல் பறந்துவிட்டார்கள். நாம் விளக்கை ஏற்றிக்கொண்டு, அவள் சொல்லியிருந்த வேகத்தில், மணிக்கு 12 மைலாகப் போனோம். நம் மைத்துனர் கார் ஓட்ட, அவள் முன்னே போய்க் குறித்த இடங்களில் காத்திருப்பதாக ஏற்பாடு. சைக்கிளுக்குப் பின்னாலேயே காரை ஊர்ந்து வரச் செய்வது போக்குவரத்துக்கு ஆபத்து என்பதோடு, அது நம் மனத்துக்கும் ஆபத்து என்பது அவள் அபிப்பிராயம். "திரும்பிப் பார்த்தால் கார் இருக்கிறது என்று தெரிந்தால் ஏறத்தான் தோன்றும்" என்றாள்.

திருவான்மியூர், நீலாங்கரை தாண்டி, முட்டுக்காட்டுப் பாலத்தில் ஏறும்போது கிழக்கு வெளுத்தது. ஒரு புறம் கடல், மறு புறம் உப்பங்கழி. காயலில் வலை வீசியவர்கள் நம்மைப் பார்த்துக் கையசைத்தார்கள். மாமல்லபுரம் சேர்ந்தபோது மணி எட்டடிக்கவில்லை. 35 மைல் ஆகியிருந்தது. அவள் கொடுத்த நாலு இட்டிலியையும் இரண்டு வாழைப்பழங்களையும் சாப்பிட்டுவிட்டு, சைக்கிள் விட இவ்வளவு சிரமப்படுவானேன், இது வெகு சுலபமாயிற்றே என்று எண்ணிக்கொண்டு கிளம்பினோம். நேயர்களே, அப்படி எண்ணுகிற கணத்தில்தான் ஒருவன் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

நீண்ட தூரம் ஓட்டுகிறவனுக்கு எதிரி களைப்பன்று; அசிரத்தைதான். உடம்பில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து இரண்டு மூன்று மணி நேர உழைப்புக்குத்தான் வரும். அப்புறம், பசிக்குமுன்பே மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்தோ சர்க்கரையோ உள்ளே போக வேண்டும். அதற்காகக் கடலை மிட்டாயும் பேரீச்சம்பழமும் நம் சட்டைப் பையில் இருந்தன. அவற்றை ஒழுங்காகத் தின்றோம். வியர்வையோடு தண்ணீர் மட்டும் அல்ல, உப்பும் போகிறது. அதற்காக உப்புச் சர்க்கரைப் பொட்டலங்கள் ஆறு கொடுத்திருந்தாள். லிட்டர் தண்ணீரில் 2.6 கிராம் உப்பும், 13.5 கிராம் குளூக்கோஸும், பொட்டாசியச் சத்தும் சேரும்படி, வயிற்றுப்போக்குக் கண்ட குழந்தைகளுக்குக் கொடுக்கும் அதே பொட்டலந்தான். அதன் ருசி நமக்குப் பிடிக்கவில்லை. ஆகவே ஆறையும் முதுகுப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்தோம்.

கல்பாக்கம் தாண்டிப் பாலாற்றுப் பாலத்தில் போகும்போது ஆறு மணலாகக் கிடந்தது. கடப்பாக்கத்துக்கு முன்னால் பின் சக்கரத்தில் முள் ஏறிற்று. ட்யூபை மாற்ற நாற்பது நிமிஷம் பிடித்தது. வீட்டுத் திண்ணையில் அவள் கையில் கடிகாரத்துடன் நின்று பழக்கியபோது இதே வேலையைப் பன்னிரண்டு நிமிஷத்தில் செய்தோம். நிழலில்லாத சாலையில் விரல்கள் தடித்துப் போயிருந்தன. மோதிரம் இறுகியது. வெயிலின் கோளாறு என்று நினைத்தோம்.

பதினொரு மணிக்குமேல் கடற்காற்றுக் கிளம்பிற்று. கரை சூடேறியதும் அங்குள்ள காற்று மேலெழும்பும். அந்த இடத்துக்குக் கடலின் குளிர்ந்த காற்று வந்து புகும். பாடப் புத்தகத்தில் இதை எத்தனையோ முறை படம் போட்டு விளக்கியிருக்கிறோம். ஆனால் தென்கிழக்கிலிருந்து வந்த அந்தக் காற்றை நெஞ்சில் வாங்கிக்கொண்டு தெற்கே மிதித்தபோதுதான் பாடம் புரிந்தது. 12 மைல் வேகம் ஒன்பதாயிற்று, ஒன்பது எட்டாயிற்று. தலை வலித்தது. குமட்டிற்று. ஒரு மைல்கல்லைப் படித்துவிட்டு, அது எவ்வளவு தூரம் சொல்லிற்று என்று மறுகணமே மறந்தோம்.

உப்பளத்து ஊரில்

மரக்காணத்தில், 74-ஆவது மைலில், சைக்கிளை நிறுத்தினோம் என்று சொல்ல முடியாது. சைக்கிள் சாய்ந்தது, நாமும் சாய்ந்தோம். நம் மனைவி ஓடி வந்தாள். "என்ன ஆயிற்று?" என்று அவள் கேட்கவில்லை.

"பதினேழு எட்டு எவ்வளவு?" என்றாள்.

"நூற்றிருபத்தாறு" என்றோம்.

அவள் முகம் மாறியதைக் கண்டோம். முதுகுப் பையில் கைவிட்டாள். ஆறு பொட்டலமும் வெளியே வந்தன. அவற்றைப் பார்த்தாள்; காலியான தண்ணீர்ப் புட்டிகளைப் பார்த்தாள்; வீங்கிய விரலில் இறுகியிருந்த மோதிரத்தைப் பார்த்தாள். ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் நமக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

ஸ்தாபனத்தாரின் வைத்தியர் அங்கேயே இருந்தார். சோதித்துவிட்டுச் சொன்னார்: வியர்வையில் உப்பு போய்க்கொண்டிருக்க, வெறும் தண்ணீரையே மேலும் மேலும் குடித்தால் இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்துவிடும், முற்றினால் வலிப்பும் வரும், உயிருக்கும் ஆபத்து. இது ஆரம்ப நிலை. இனி வெறும் தண்ணீர் கூடாது. உப்புள்ள ஆகாரம் கொடுங்கள். ஒரு மணி நேரம் படுக்கட்டும். தலைவலி தெளியாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், சைக்கிளைத் தொடக் கூடாது என்றார்.

பந்தலில் படுத்தபடியே வெளியே பார்த்தோம். சாலைக்கப்பால் உப்பளங்கள். வெள்ளைக் குவியல் குவியலாக உப்பு, வெயிலில் கண்ணைக் கூசிற்று. உப்புநீரில் நின்று ஆண்களும் பெண்களும் பலகையால் வாரிக்கொண்டிருந்தார்கள். 1930-ஆம் ஆண்டில் ராஜாஜியும் தொண்டர்களும் ஒரு பிடி உப்புக்காகத் திருச்சியிலிருந்து வேதாரண்யம்வரை 150 மைல் நடந்தார்கள். நாம் ஆறு பொட்டலம் உப்பை முதுகில் சுமந்துகொண்டு, மலை மலையாக உப்பு விளையும் ஊரில் வந்து உப்பில்லாமல் விழுந்தோம்.

அவள் உப்புத் தூக்கலாகப் பிசைந்த தயிர் சாதத்தையும் நார்த்தங்காய் ஊறுகாயையும் ஊட்டினாள். வாய் சும்மா இருக்கவில்லை. "இன்னும் 26 மைல், 10,400 ரூபாய்" என்றோம்.

"அந்தக் கணக்கு உங்களுக்கு இப்போது வேண்டாம்" என்றாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "நான் படுக்கையில் இருந்தபோது ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் வைத்தியர் இரத்தத்தைப் பார்ப்பார். அணுக்கள் குறைந்திருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். எனக்கு அழுகை வரும், முடித்துவிட்டால் போதுமே என்று. ஆனால் பொறுத்துத்தான் முடித்தேன். உங்கள் தலை தெளிந்தால் போங்கள். தெளியாவிட்டால் நான் விடமாட்டேன். அந்தப் பத்தாயிரத்தை நாம் வேறு வழியில் சம்பாதித்துக் கொடுக்கலாம். உங்களை எங்கே போய்ச் சம்பாதிப்பேன்?"

அந்த நிமிஷம்வரை, துணை என்றால் உற்சாகமூட்டுகிறவர் என்று எண்ணியிருந்தோம். நிறுத்தத் தெரிந்தவரும் துணையே என்பதை அப்போது அறிந்தோம்.

முக்கால் மணியில் குமட்டல் நின்றது. ஒரு மணியில் தலைவலி விட்டது. மோதிரம் சற்று நெகிழ்ந்தது. வைத்தியர் மறுபடி பார்த்துத் தலையசைத்தார். அவள் மட்டும் விடவில்லை.

"பதினேழு எட்டு?"

"நூற்று முப்பத்தாறு."

"பத்தொன்பது ஏழு?"

"நூற்று முப்பத்துமூன்று."

"போங்கள்" என்றாள். "எட்டு மைலுக்கொரு முறை நிற்பேன். ஒவ்வொரு தடவையும் வாய்ப்பாடு சொல்ல வேண்டும்."

கணக்கு நேராகிறது

காற்று ஓயவில்லை. காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும் என்பதை நினைத்து, அதோடு சண்டை போடாமல் குனிந்து, மெதுவாகவே மிதித்தோம். காலாப்பட்டில் பல்கலைக்கழக வாசலைக் கடந்தபோது, இரண்டு கல்லூரிப் பையன்கள் வேகத்தைக் குறைத்துக்கொண்டு நமக்கு முன்னால் ஓட்டினார்கள். "எங்கள் பின்னால் ஒட்டி வாருங்கள் சார், காற்றுத் தெரியாது" என்றார்கள். அவர்கள் யாரோ, எவரோ. அவர்கள் முதுகு மறைத்த காற்றில் புதுச்சேரி வந்து, கடற்கரையில் காந்தி சிலையருகே நாம் இறங்கும்போது மணி நாலு. கைதட்டினார்கள், கழுத்தில் ஒரு பதக்கம் மாட்டினார்கள். நம் மனைவி சைக்கிள் மீட்டரைக் குனிந்து பார்த்தாள்.

"தொண்ணூற்றாறு" என்றாள்.

"ஏறக்குறைய நூறு என்றுதானே போட்டிருந்தார்கள்?" என்றோம்.

"உங்கள் பிள்ளைகளிடம் ஏறக்குறைய 40,000 என்றா சொன்னீர்கள்?"

கணக்கு உபாத்தியாயருக்கு இதற்கு மறுமொழி கிடையாது. நாலு மைல், 1,600 ரூபாய். மறுபடி ஏறினோம். ஏறித் திரும்பிப் பார்த்தால் அவளைக் காணவில்லை. எதிரே வாடகைச் சைக்கிள் கடையில் ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஆண்கள் வண்டிதான் மிஞ்சியிருந்ததாம். புதுக்கோட்டைக்காரிக்கு அது புதிதன்று.

"அரை மணி ஓட்டலாம் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார்" என்றாள். "நாலு மைலுக்கு அரை மணி போதும்."

மஞ்சள் சுவர்களும் காகிதப்பூக் கொடிகளும் நிறைந்த அந்தப் பழைய தெருக்களில் நாங்கள் இருவரும் சுற்றிச் சுற்றி ஓட்டினோம். அவள் முன்னே போனாள். நாம் பின்னே போனோம். அதுதான் நியாயமும்கூட. மீட்டரில் நூறு விழுந்தபோது ஒரு தபால் பெட்டியருகே நின்றோம். கைதட்ட அங்கே யாரும் இல்லை. அவள் தன் இடக்கையை நீட்டி மடக்கிப் பார்த்துக்கொண்டாள். வலியில்லை என்றாள்.

திங்கட்கிழமை வகுப்பில் நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னோம், பொட்டலத்தை அலட்சியம் செய்த கதை உள்பட. பிள்ளைகள் சிரித்தார்கள். 40,000 ரூபாய் வசூலாயிற்று. அப்போது முன்வரிசை மாணவி மறுபடியும் எழுந்தாள்.

"சார், அம்மா நாலு மைல் ஓட்டினார்களே, அதற்கு யார் கொடுப்பது?"

அந்த வாரமே டப்பா மறுபடி தெருவைச் சுற்றி வந்தது. 41,600 ரூபாயாக ஸ்தாபனத்தில் கட்டி, ரசீது வாங்கி வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். ரசீதில் நம் பெயர்தான் இருக்கிறது. அதன் கீழே, தன் முத்துமுத்தான கையெழுத்தில், அந்த மாணவி இன்னொரு பெயரையும் சேர்த்து எழுதி வைத்திருக்கிறாள். நாம் அதைத் திருத்தவில்லை.